550 கி.மீ. என்று சொல்லி விற்றார்கள்: மின்கார் வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

மின்கார் வாங்கப் போகிறவர்கள், பிராஷரில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் கிலோமீட்டரை நம்பி முன்பணம் கட்டிவிடாதீர்கள். "பேட்டரி 75 யூனிட், ஒரு சார்ஜுக்கு 550 கி.மீ." என்று சொல்லித்தான் எனக்கு விற்றார்கள். நெடுஞ்சாலையில் 110 கி.மீ. வேகத்தில் போனால் 330 வருவதே பெரிய விஷயம். இத்தனைக்கும் வண்டியில் ஒரு கோளாறும் இல்லை.

புகார் சொன்னதும், "புது பேட்டரி சார், ஓட ஓட செட் ஆகிடும்" என்றார் விற்பனையாளர். சுத்தப் புளுகு. நாம் ஓட்டுவதைப் பார்த்து டேஷ்போர்டு தன் கணிப்பை மாற்றிக்கொள்ளுமே தவிர, பேட்டரியின் கொள்ளளவு ஓட ஓட அதிகமாகாது. நாளாக நாளாகக் குறையத்தான் செய்யும். சர்வீஸ் சென்டரிலோ லேப்டாப்பை மாட்டிப் பார்த்துவிட்டு, "எல்லாம் நார்மல், நீங்க வேகமா ஓட்டுறீங்க" என்று அனுப்பிவிட்டார்கள்.

கடைசியில் சண்டை போட்டுத் தொழில்நுட்ப விவரத் தாளை வாங்கினேன். வாங்குவதற்கு முன்பே கேட்டு, "பிராஷர்லயே எல்லாம் இருக்கு" என்று தட்டிக்கழித்த அதே தாள்.

அதன்படி, 550 என்பது, வண்டியின் ரேஞ்சை அளக்கும் டபிள்யூஎல்டிபி (WLTP) என்ற ஆய்வகச் சோதனையின் நகர ஓட்ட எண். நகரமும் நெடுஞ்சாலையும் சேர்ந்த எண் 460. அதுவும் 18 அங்குலச் சக்கரம் போட்ட வண்டிக்கு. "இதுதான் உடனே டெலிவரி" என்று என் தலையில் கட்டிய 20 அங்குலச் சக்கர வண்டிக்கு 430தான். 75 யூனிட் என்பது பேட்டரியின் மொத்தக் கொள்ளளவு. சார்ஜின் மேல்முனையிலும் கீழ்முனையிலும் கொஞ்சம் பாதுகாப்புக்காகப் பூட்டி வைத்திருப்பார்கள். ஓட்டப் பயன்படுவது 70. பூட்டி வைப்பதில் தப்பில்லை, பேட்டரியின் ஆயுளுக்கு நல்லதுதான். அதைச் சொல்லாமல் 75 என்று விற்பதுதான் தப்பு.

இன்னொரு குழப்பம். அதே தாளில் 100 கி.மீ.க்கு 18.5 யூனிட் செலவு என்று இருக்கிறது. 70 யூனிட்டை அதால் வகுத்தால் 378 கி.மீ.தான் வருகிறது, 430 இல்லை. ஷோரூம் மேலாளரிடம் கேட்டால், "அது ஆவரேஜ் சார்" என்றார். அவருக்கே தெரியவில்லை. அதிகாரபூர்வச் செலவு எண்ணைச் சுவர் ப்ளக்கில் அளக்கிறார்கள். சார்ஜ் ஏறும்போது வீணாகும் மின்சாரமும் அதில் சேர்த்தி. பேட்டரிக்குள் 50 யூனிட் போக, என் மீட்டரில் 57 பக்கம் ஓடுகிறது. டேஷ்போர்டு காட்டும் செலவில் இந்த இழப்பு வராது. ஆக, மின்கட்டணம் கணக்குப் போட 18.5, தூரத்துக்குக் கணக்குப் போட 16.3 (70 யூனிட்டில் 430 கி.மீ. என்றால் 100 கி.மீ.க்கு இவ்வளவு). இரண்டையும் கலந்தால், விற்பவர் எந்த எண்ணை வேண்டுமானாலும் காட்டலாம்.

சோதனை நடக்கும் விதமும் தெரிந்திருக்க வேண்டும். டபிள்யூஎல்டிபி ஆய்வகத்தில் உருளைமேல் ஓட்டும் சோதனை: 30 நிமிடம், சுமார் 23 கி.மீ., சராசரி வேகம் 46 கி.மீ.தான். 131 வரை தொடுகிற வேகப் பகுதி ஐந்து நிமிடத்துக்குச் சற்றே அதிகம். வெப்பநிலை 23 டிகிரி, ஏசியும் ஹீட்டரும் அணைத்திருக்கும். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுவதால், ஒரே சீராக 110-இல் போகும் என் வண்டி 100 கி.மீ.க்கு 21 யூனிட் குடிக்கிறது. பயணத்தின் நடுவே வேகச் சார்ஜரில் 10 முதல் 80 சதவீதம் வரை ஏற்றிக்கொண்டு போனால், மறுபடி 10 சதவீதத்துக்கு வரும்வரை செலவழிக்கக் கையில் இருப்பது 49 யூனிட். அதாவது அடுத்த நிறுத்தம் வரை 230 கி.மீ. "550" எங்கே, இது எங்கே!

சீனாவின் சிஎல்டிசி சோதனை எண் பெரும்பாலும் டபிள்யூஎல்டிபியைவிடவும் தாராளம். அமெரிக்காவின் இபிஏ சோதனை எண் கறார். இரண்டு கார்களை ஒப்பிடும்போது ஒன்றுக்கு ஒரு சோதனை, மற்றதுக்கு வேறு சோதனை என்று காட்டினால் உஷார்.

பயன்படுத்தக்கூடிய கொள்ளளவு, நீங்கள் எடுக்கும் அதே வேரியன்ட்டுக்கும் அதே சக்கரத்துக்குமான ஒருங்கிணைந்த (நகரமும் நெடுஞ்சாலையும் சேர்ந்த) ரேஞ்ச், எந்தச் சோதனை என்ற விவரம்: மூன்றையும் ஷோரூம் மின்னஞ்சலில் அனுப்பட்டும், அதற்கப்புறம் முன்பணம் கட்டுங்கள். எனக்கு ஒரு சர்வீஸ் இலவசம் என்று சமாதானம் பேசினார்கள். வேண்டாம் என்று சொல்லி, பிராஷர், விவரத் தாள் இரண்டின் நகலோடு தயாரிப்பு நிறுவனத்துக்கு எழுதியிருக்கிறேன்.