"டி டிரைவைத் தொட மாட்டோம்ணே" என்றார்கள்: ஓஎஸ் போடக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு

விண்டோஸ் 11 போடுவதற்காகக் கம்ப்யூட்டரைக் கடையில் கொடுக்கப் போகிறீர்களா? கொடுப்பதற்கு முன் இதை ஒரு தடவை படித்துவிடுங்கள். கடைப் பெயரை நான் போடவில்லை. பெயரைப் போட்டால் அந்தக் கடையை மட்டும் விட்டுவிட்டு, அதே வேலையை அதே மாதிரி செய்கிற பக்கத்துக் கடையில் போய் மாட்டிக்கொள்வீர்கள்.

நான் நடத்துவது ஒரு சின்ன டிடிபி சென்டர். கல்யாணப் பத்திரிகை, காது குத்து, மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி போஸ்டர், பரீட்சை சமயத்தில் பள்ளிக்கூட வினாத்தாள். எல்லாவற்றுக்கும் ஒரே சிஸ்டம்தான். 2019-இல் அசெம்பிள் செய்தது, எட்டாம் தலைமுறை ஐ3, ஒரு டிபி ஹார்ட் டிஸ்க். ஒரு டிபி என்று விற்பதை விண்டோஸ் 931 ஜிபி என்று காட்டும். அதில் 200 சி, மிச்சம் 731 டி. சி-யில் விண்டோஸும் சாஃப்ட்வேரும். டி-யில் 2014-லிருந்து செய்த டிசைன்கள், வாடிக்கையாளர்கள் கொடுத்த போட்டோக்கள், எல்லாம் வருஷவாரியாக ஃபோல்டர் போட்டு வைத்திருந்தேன். எக்ஸ்டர்னல் டிஸ்க் ஒன்று வாங்கி இதையெல்லாம் நகல் எடுத்து வைக்க வேண்டும் என்று மூன்று தீபாவளியாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அது என் தப்பு. அதை முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன்.

2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. உடனே கம்ப்யூட்டர் கடை வாசலில் நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள்: இனி விண்டோஸ் 10 வேலை செய்யாது, வைரஸ் ஏறிவிடும், இன்றே மாற்றுங்கள். அது பெரும்பாலும் பூச்சாண்டி. நிறுத்தியது பாதுகாப்பு அப்டேட்டைத்தான். கம்ப்யூட்டர் பாட்டுக்கு ஓடும். வீட்டு உபயோகிப்பாளர்கள் பதிந்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை அந்த அப்டேட்டும் கிடைக்கும் என்று மைக்ரோசாஃப்டே அறிவித்திருந்தது. எனக்கு அவசரமே இருந்திருக்கவில்லை. ஆனால் கல்யாண சீசன் தொடங்குவதற்கு முன் முடித்துவிடலாம் என்று சிபியுவைத் தூக்கிக்கொண்டு போனேன்.

கல்லாவில் முதலாளி, பெஞ்சில் ஒரு பையன். இருபது வயது இருக்கும்.

"தம்பி, டி டிரைவில்தான் எல்லாம் இருக்கு. அதைத் தொடவே கூடாது."

"சி மட்டும்தாண்ணே அடிப்போம். டி அப்படியே இருக்கும். ஒரு நாளைக்குப் பத்து சிஸ்டம் பண்றோம்."

"பேக்கப் எதுவும் எடுத்துக்கணுமா?"

"தேவையே இல்லண்ணே."

ரசீதில் 'விண்டோஸ் 11, ரூ. 600' என்று மட்டும் எழுதிக் கொடுத்தார்கள். டி டிரைவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நானும் எழுதச் சொல்லவில்லை.

சாயங்காலம் வாங்கிவந்து மாட்டினேன். விண்டோஸ் 11 அழகாகத் திறந்தது. டி டிரைவும் இருந்தது. ஆனால் பெயர் 'நியூ வால்யூம்'. உள்ளே ஒன்றுமே இல்லை. கை தவறி எதையோ அழித்திருப்பான், எடுத்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம்தான் அளவைப் பார்த்தேன். 731 இருந்த இடத்தில் 630. சி 200 இருந்தது 300 ஆகியிருந்தது. வயிற்றைக் கலக்கிவிட்டது. வீட்டில் பொருள் திருடு போவது வேறு, சுவரையே இடித்து வேறு இடத்தில் கட்டியிருப்பது வேறு.

மறுநாள் கடை திறக்கும்போதே போய் நின்றேன். "ஹார்ட் டிஸ்க் ஏற்கெனவே வீக் சார், பேட் செக்டர் விழுந்திருக்கு, எங்ககிட்ட வரும்போதே அப்படித்தான்" என்றார் முதலாளி. பேட் செக்டர் என்றால் டிஸ்க்கில் கெட்டுப்போன இடம். ரசீதைத் திருப்பிக் காட்டினார். பின்பக்கம் எறும்பு அளவு எழுத்தில் 'டேட்டாவுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல'. அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. "ரெக்கவரி போட்டு எடுத்துத் தரலாம், ஆறாயிரம் ஆகும், மூவாயிரம் அட்வான்ஸ்" என்றார். வேறு வழி தெரியாமல் கொடுத்துவிட்டு வந்தேன். ராத்திரி முழுக்க ஏதோ ஒரு சாஃப்ட்வேரை ஓடவிட்டு, கிடைத்ததையெல்லாம் அதே டி டிரைவில் சேமித்து வைத்திருந்தார்கள். இது எவ்வளவு பெரிய கொடுமை என்று எனக்கு அப்போது தெரியாது.

உண்மை தெரிந்தது மூன்றாம் நாள். முதலாளி சாப்பிடப் போயிருந்தார். பையன் முகமே சரியில்லை. "என்னதான் பண்ணின, கோபப்பட மாட்டேன், சொல்லு" என்றேன்.

"எர்ரர் வந்துச்சுண்ணே. அதனால கிளீன் அடிச்சேன்."

இந்த இடம்தான் முக்கியம். 2019-இல் என் சிஸ்டத்தில் விண்டோஸ் 10-ஐ லெகசி பயாஸ் என்ற பழைய தொடக்க முறையில் போட்டிருந்தார்கள். அப்படிப் போட்டால் டிஸ்க்கின் பார்ட்டிஷன் அட்டவணை, அதாவது சி எங்கே, டி எங்கே என்று சொல்லும் பட்டியல், எம்பிஆர் என்ற பழைய வகையில் இருக்கும். விண்டோஸ் 11 கேட்பது யூஇஎஃப்ஐ என்ற புதிய தொடக்க முறையும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும். பையன் பயாஸுக்குள் போய் அதையெல்லாம் சரியாகத்தான் மாற்றியிருக்கிறான். பார்ட்டிஷன் தேர்ந்தெடுக்கும் திரைக்கு வந்தபோது, இந்த டிஸ்க் எம்பிஆர், யூஇஎஃப்ஐ சிஸ்டத்தில் ஜிபிடி என்ற புதிய வகை அட்டவணை உள்ள டிஸ்க்கில்தான் விண்டோஸ் போட முடியும் என்று இன்ஸ்டாலர் மறுத்துவிட்டது. உடனே ஷிஃப்ட்டும் எஃப்10-உம் சேர்த்து அழுத்திக் கட்டளை அடிக்கிற கறுப்புத் திரையைத் திறந்து, டிஸ்க்பார்ட், செலக்ட் டிஸ்க் 0, கிளீன், கன்வெர்ட் ஜிபிடி. நாலே வரி. நிச்சயமாகவா என்று ஒரு வார்த்தை கேட்காது அந்தக் கிளீன். கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும். அதற்கு சி, டி என்கிற பேதம் கிடையாது, முழு டிஸ்க்கும் ஒன்றுதான். பையன் வாக்குக் கொடுத்தது டிரைவைப் பற்றி, அழித்தது டிஸ்க்கை. அந்த வித்தியாசம் அவனுக்கே அன்றைக்குத்தான் புரிந்திருக்கிறது. அவனைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. மறைத்துவிட்டுக் காசு கேட்டாரே, அவர் மேல்தான் கோபம்.

அந்த எர்ரருக்கு அழிக்காமலே வழி இருக்கிறது. எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவி 2017-இல் வந்த விண்டோஸ் 10-இன் 1703 பதிப்பிலிருந்து விண்டோஸுக்குள்ளேயே இருக்கிறது. டேட்டாவைத் தொடாமல் அட்டவணையை மட்டும் மாற்றும். ஆனால் பிரைமரி என்கிற முதன்மைப் பார்ட்டிஷன் மூன்றுக்கு மேல் இருக்கக் கூடாது, உள்ளே மேலும் பிரித்து வைக்கிற எக்ஸ்டெண்டட் பார்ட்டிஷன் இருக்கவே கூடாது. சி, டி, இ, எஃப் என்று நாலைந்தாகப் பிரித்து வைத்திருப்பவர்களுக்கு அது மறுத்துவிடும். என்னுடையதில் விண்டோஸ் தனக்கென ஒதுக்கிக்கொள்ளும் சிஸ்டம் ரிசர்வ்ட், அப்புறம் சி, டி என மூன்றே மூன்று. பொருந்தியிருக்கும். நினைக்க நினைக்க ஆறவில்லை.

அதைவிட எரிச்சல், கிளீன் அடித்த அந்த நிமிஷத்தில்கூட என் ஃபைல்கள் அத்தனையும் டிஸ்க்கில் அப்படியே இருந்தன. அது அழிப்பது டிஸ்க்கின் ஓரத்தில் இருக்கிற அட்டவணையைத்தான். அங்கேயே பவரை அணைத்துவிட்டு டெஸ்ட்டிஸ்க் மாதிரி ஓர் இலவச மென்பொருளில் தேடியிருந்தால் பழைய டி முழுசாகவே திரும்பி வந்திருக்கலாம். ஆனால் பையன் அங்கே நிறுத்தாமல் சி-யை 300 ஆக்கினான். பழைய டி-யின் முதல் நூறு ஜிபி புதிய சி-க்குள் போய்விட்டது. எந்த ஃபைல் எங்கே இருக்கிறது, அதன் பெயர் என்ன என்கிற பட்டியல் பெரும்பாலும் டிரைவின் முன்பகுதியில்தான் தொடங்கும். அதன் மேல் விண்டோஸ் 11 ஏறி உட்கார்ந்தது. மிச்சம் தப்பியதன் மேல் ரெக்கவரி என்ற பெயரில் முதலாளி எழுதினார். எடுத்த பொருளை, எடுத்த குழியிலேயே கொட்டி மூடியிருக்கிறார்.

கடைசியில் சிபியுவைப் பிடுங்கிக்கொண்டு நகரத்தில் ரெக்கவரி மட்டும் செய்கிற ஒருவரிடம் போனேன். அவர் டிஸ்க்கை ஆன் செய்து மேயவில்லை. முழு டிஸ்க்கையும் இன்னொரு டிஸ்க்கில் அச்சு அசலாக நகல் எடுத்து, அந்த நகலில்தான் வேலை பார்த்தார். பேட் செக்டர் ஒன்றுகூட இல்லை என்று ரிப்போர்ட்டும் கொடுத்தார். பதினாலாயிரம் ஆனது. பாதிக்குக் கொஞ்சம் மேலே திரும்ப வந்தது. ஃபோல்டர் இல்லை, பெயர் இல்லை. எல்லாம் எஃப் என்று தொடங்கி ஒரு நீண்ட எண்.

எங்கள் தொழிலுக்கே உரிய இன்னொரு அடியும் விழுந்தது. பழைய டிசைன்களெல்லாம் பாமினி வகை எழுத்துருக்களில் அடித்தவை. அந்த ஃபான்ட் சிஸ்டத்தில் இல்லாவிட்டால் மணமகள் பெயர் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் தெரியும். ஃபான்ட் இருக்கிற இடம் சி. ஆக, பையன் சொன்ன சொல்லைக் காப்பாற்றி சி-யை மட்டும் அடித்திருந்தாலும் என் பாடு திண்டாட்டம்தான். டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், டவுன்லோட்ஸ் எல்லாமும் சாதாரணமாக சி-யில்தான் இருக்கின்றன. 'டி பத்திரமாக இருக்கு' என்று நிம்மதியாக இருப்பவர்கள் இதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்ஸ்டாலர் திரையில் சி, டி என்ற எழுத்துகள் வராது என்பதும் எனக்கு இதற்குப் பிறகுதான் தெரிந்தது. டிஸ்க் 0 பார்ட்டிஷன் 1, பார்ட்டிஷன் 2 என்றுதான் வரும். அளவு ஒன்றாக இருந்தால் எது எது என்று யாருக்கும் குழப்பம்தான். கொடுப்பதற்கு முன் ஒவ்வொரு டிரைவுக்கும் ஒரு பெயர் வைத்து, அளவெல்லாம் தெரிகிற மாதிரி விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மெண்ட் திரையை போனில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். லேப்டாப்பில் பிட்லாக்கர் என்கிற டிரைவ் பூட்டு ஆன் ஆகியிருந்தால் அதன் 48 இலக்க மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வையுங்கள். அது இல்லாவிட்டால் டி டிரைவ் தப்பித்தும் திறக்காது. விண்டோஸை விட்டு லினக்ஸுக்கு மாறுகிறவர்களுக்கும் இதே கதைதான். லினக்ஸில் ஒரு வகையான உபுண்டு கேட்கும்போது 'டிஸ்க்கை அழித்து நிறுவு' என்பதைத் தொட்டால் முடிந்தது. கையால் பார்ட்டிஷன் தேர்ந்தெடுக்கிற வழியில்தான் போக வேண்டும்.

இப்போது நான் செய்திருப்பது வேறு. விண்டோஸுக்குத் தனியாக ஒரு சின்ன எஸ்எஸ்டி டிஸ்க். டேட்டா வேறு டிஸ்க்கில். ஓஎஸ் போடும்போது டேட்டா டிஸ்க்கின் கேபிளைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டேன். இனி யார் என்ன கட்டளை அடித்தாலும் அதற்கு எட்டாது. எக்ஸ்டர்னல் டிஸ்க்கும் ஒருவழியாக வாங்கியாகிவிட்டது.

600-ஐயும் மூவாயிரத்தையும் கடையில் சத்தம் போட்டுத்தான் திருப்பி வாங்கினேன். பதினாலாயிரத்துக்கு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். கடை வைத்திருப்பவன் நுகர்வோரா என்று முதலாளி கேட்டார். சுயதொழில் செய்து வயிறு கழுவுகிறவனுக்கு 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இடம் இருக்கிறது. பேரம் படியாவிட்டால் அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். பையன் வாயால் சொன்னதற்கு என்னிடம் அத்தாட்சி இல்லை. ரெக்கவரிக்காரரின் ரிப்போர்ட்டும் ரசீதும்தான் கையில் இருக்கின்றன.

நடுவில் ஒருவர் வந்தார். அவர் அப்பா போன வருஷம் தவறியபோது, ரேஷன் கார்டில் இருந்த மங்கிய படத்தை இரண்டு நாள் உட்கார்ந்து சரிசெய்து போஸ்டருக்குக் கொடுத்திருந்தேன். முதலாம் ஆண்டு நினைவஞ்சலிக்கு அதே படம் வேண்டும் என்றார். தேடித் தருகிறேன் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். ராத்திரி கடையைச் சாத்திய பிறகு எண் போட்ட ஃபைல்களை ஒவ்வொன்றாகத் திறந்து பெயர் வைத்துக்கொண்டிருக்கிறேன். நேற்று நூற்றிருபது பார்த்தேன். இரண்டு காது குத்து, ஒரு புதுமனை புகுவிழா, மிச்சமெல்லாம் பாதிப் படம் சாம்பல் நிறமாக. அவர் அப்பா இன்னும் வரவில்லை.