ஒரே புராணம், இரண்டு குடும்பம்: ரக்னராக்கா, ஜான்சன்ஸா?

வட ஐரோப்பாவின் பழைய நார்ஸ் புராணத்துத் தெய்வங்கள் இன்றைய பிள்ளைகளின் உடம்பில் வந்து இறங்கினால் என்ன ஆகும்? இந்தக் கேள்வியை வைத்து இரண்டு தொடர்கள் உண்டு. ஒன்று, 2020 முதல் 2023 வரை நெட்ஃபிளிக்ஸில் வந்த நார்வேஜிய மொழித் தொடர் 'ரக்னராக்' (நார்ஸ் புராணத்தில் ஊழிக்காலத்தின் பெயர்; மார்வெல் படம் இல்லை, அது வேறு). இன்னொன்று, நியூசிலாந்தில் 2011-லேயே தொடங்கிய 'தி ஆல்மைட்டி ஜான்சன்ஸ்'. முன்னதில் 18 எபிசோடு, பின்னதில் 36. இரண்டும் மூன்று சீசன்தான்.

ரக்னராக்கின் பெரிய பலம் அதன் ஊர். கதையில் அதன் பெயர் எட்டா. புராணப் பாடல்களைக் காத்துவைத்த பழைய ஐஸ்லாந்து நூல்களுக்கும் அதுவே பெயர். படம் பிடித்தது மேற்கு நார்வேயின் ஒட்டாவில். ஒரே ஓர் எழுத்தை மாற்றியிருக்கிறார்கள். ஒட்டாவைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு இது வெறும் அழகான மலையூர் இல்லை. 1908-லிருந்து கார்பைடு ஆலை ஓடிய இடம். துத்தநாக ஆலையும் உண்டு. அதை ஒட்டிய சோர்ஃபியோர்டன் கடற்கழி ஒரு காலத்தில் துத்தநாகம், காட்மியம், பாதரசம் கலந்து நாசமாகிக் கிடந்தது.

ஆகவே தொடரில் ஊரையே வைத்திருக்கும் யூட்டுல் குடும்பம் ராட்சதர்கள் என்று தெரியவரும்போது நமக்கு அதிர்ச்சி வருவதில்லை, 'அதானே!' என்றுதான் தோன்றுகிறது. நார்வேயின் நாட்டுப்புறக் கதைகளில் யூட்டுல் என்றாலே ராட்சதன். ஆலை அவர்களுடையது, பள்ளிக்கூடத் தலைமையாசிரியையும் அவர்கள் வீட்டு அம்மாதான். பனிமலையில் ஒளித்துவைத்த நச்சுப் பீப்பாய்கள்தான் இங்கே ஊழிக்காலத்தின் முதல் அறிகுறி. இதை எதிர்ப்பவன் மாக்னே: எழுத்துக்கூட்டிப் படிக்கவே திணறும், கூச்ச சுபாவமுள்ள பையன். கடைக்காரப் பாட்டி நெற்றியைத் தொட்டதிலிருந்து அவனுக்குள் இடித்தெய்வம் தோர்.

ஜான்சன்ஸ் இதற்கு நேரெதிர். அங்கே தெய்வங்கள் கப்பலேறி ஆக்லாந்துக்குப் பிழைக்க வந்தவர்கள், சக்தியெல்லாம் தேய்ந்துபோனவர்கள். ஜான்சன் சகோதரர்களில் மூத்தவர் மைக், வேட்டைத் தெய்வமான உல்லர். எந்த விளையாட்டிலும் தோற்க மாட்டார். கவிதைத் தெய்வம் பிராகி, ஆண்டர்ஸ் என்ற பெயரில் விளம்பரக் கம்பெனி நடத்தி, வாய்ஜாலத்தால் ஊரை ஏமாற்றுகிறார். கடைக்குட்டி ஆக்சலுக்கு 21 வயது ஆகும் அன்றுதான் தான் தெய்வங்களின் தலைவன் ஓடின் என்றே தெரியும். ஓடினின் மனைவி ஃபிரிக் தேவி எந்தப் பெண்ணுக்குள் இருக்கிறாள் என்று அவன் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். நாயகனுக்குப் பதின்பருவம் தாண்டிவிட்டதே என்பீர்கள். சரிதான், ஆனால் அவன் நடந்துகொள்வதைப் பார்த்தால் பதினேழுதான் மதிக்கலாம்.

காட்சி அழகில் போட்டியே இல்லை, ரக்னராக்தான். சிரிப்பில் ஜான்சன்ஸ். ரக்னராக்கில் சிரிப்பு என்றால் மாக்னேயின் தம்பி லாவ்ரிட்ஸ் வரும் இடங்கள் மட்டுமே. அவனுக்குள் இருப்பது குறும்புத் தெய்வம் லோக்கி. யோனாஸ் ஸ்ட்ராண்ட் கிராவ்லி அந்த லோக்கியாக நடித்திருக்கும் விதத்துக்கு முன்னால், தோராக வரும் டேவிட் ஸ்டாக்ஸ்டன் பல இடங்களில் மரம்போல நிற்கிறார்.

இனி முடிவைப் பற்றி. ரக்னராக் பார்க்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள். மூன்றாவது சீசனின் கடைசியில், இதெல்லாம் மாக்னேயின் மனக்கற்பனையாக இருக்கலாம் என்று தொடர் திரும்புகிறது. மனநோய்க் கோணம் முதல் சீசனிலேயே விதைத்ததுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் ராட்சதர் இல்லை என்றால் அந்தப் பீப்பாய்களுக்கு யார் பதில் சொல்வது? ஆலைக்கும் புராணத்துக்கும் அவ்வளவு பொறுமையாகப் போட்ட முடிச்சை அவர்களே அவிழ்த்துவிட்டார்கள். ஜான்சன்ஸ் தன் விதிகளை இப்படிக் கைவிடுவதில்லை. ஓடின் செத்தால் குடும்பமே சாகும் என்று தொடக்கத்தில் சொன்ன பயம், எவ்வளவு கேலிக்கு நடுவிலும் கூடவே வருகிறது. விளையாட்டாக எடுத்தவர்கள் புராணத்தை நம்பியிருக்கிறார்கள்.

வீட்டில் சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து ஜான்சன்ஸ் போட வேண்டாம், பேச்சும் படுக்கையறையும் கொஞ்சம் அதிகம். மற்றபடி என்னைக் கேட்டால், ரக்னராக்கின் முதல் 12 எபிசோடு பார்த்துவிட்டு ஆக்லாந்துக்கு வண்டி ஏறுங்கள். மிச்சம் ஆறு எபிசோடு லாவ்ரிட்ஸைப் பிரிய மனமில்லாதவர்களுக்கு.