வெட்டுத்துணி பொம்மையா, சிரட்டை பொம்மையா?

லீவுக்கு பிள்ளைய எல்லாம் வீட்டுல கூடுனா போனைப் புடுங்கி வச்சுட்டு வேற எதுலயாவது உக்கார வைக்கணும்லா, அதுக்கு ரெண்டு விதமான பொம்மையும் செய்து பாத்தாச்சு. ஒண்ணு தையக்கடையில கழிச்சுப் போடுற வெட்டுத்துணி, இன்னொண்ணு நம்ம அடுக்களைச் சிரட்டையும் கதம்பையும், அதான் தேங்கா உரிச்ச மட்டை. ரெண்டுக்கும் பெருசா காசு செலவு கெடையாது, அத விடுங்க. என் ஓட்டு துணிக்குத்தான்.

சிரட்டை பாக்க கொள்ளாம். ஆமை, தொப்பி வச்ச தாத்தா, கதம்பை நார உரிச்சு ஒட்டுனா தாடின்னு ஷோகேஸ்ல வச்சா வாரவங்க எல்லாம் கேப்பாங்க. ஆனா ரம்பத்தால அறுக்கதும் உப்புத்தாள் போட்டு தேய்க்கதும் பெரியவங்க வேல, பிள்ளைய சுத்தி நின்னு வேடிக்கை பாக்கும், கடைசில கண்ணு ஒட்டத்தான் அதுகளுக்கு சான்ஸ். துணின்னா சின்னது திணிக்கும், பெரியவ தைப்பா, ஆச்சி கூட பக்கத்துல இருந்து "மக்களே, தையல நெருக்கிப் போடு"ன்னு சொல்லிட்டு இருப்பா.

மெயின் விஷயம் மழைதான். நமக்கு ஜூன்ல ஒரு மழை, அக்டோபர்ல இன்னொரு மழை, ரெண்டும் உண்டு. சிரட்டைக்குள்ள துளி தேங்கா ஒட்டியிருந்தாலும் எறும்பு, பொறவு வெள்ளையா பூசணம். பெவிகால் வச்ச கை காலு ஈரத்துல இளகி உழும், தண்ணில போட்டு கழுவவும் முடியாது. வார்னிஷ் அடிச்சா தாங்கும்னு சொல்லுதாங்க, நான் அடிச்சதில்ல, அதனால அதப்பத்தி பேச வரல்ல.

துணியும் பூக்கும், சும்மா சொல்லப்படாது. பருத்தித் துண்டா அடைச்சா வெளிய காஞ்ச மாதிரி இருக்கும், அமுக்குனா உள்ள சில்லுன்னு இருக்கும், ரெண்டு நாள்ல நாத்தம். அதுக்குத்தான் முதுகுல ஒரு விரல் நீளம் தைக்காம விட்டு பிரஸ் பட்டன் வைக்கணும், அழுக்கானா உள்ள உள்ளத உருவிட்டு தோல மட்டும் அலசி கொடியில போட்டா ஆச்சு. திணிக்க பழைய பாலியஸ்டர் சேலை நல்லது, தண்ணிய அவ்வளவா இழுக்காது, சட்டுனு காயும். இலவம்பஞ்சு மெத்துன்னு இருந்தாலும் நனைஞ்சா கட்டி கட்டியா ஆயிரும். செவப்பு, கருநீலத் துணிய முதல்லயே தனியா ஊறவச்சு சாயம் போகுதான்னு பாத்துருங்க.

கைக்குழந்தை உள்ள வீடுன்னா பட்டன் கண்ணு வேண்டாம், பிச்சு வாயில போட்டுரும், கறுப்பு நூலாலயே கண்ணு தைச்சிருங்க. முதுகுலயும் பிரஸ் பட்டனுக்கு பதிலா ஓட்டுத்தையல் போட்டா போதும், அலசும்போது பிரிச்சுக்கலாம்.