டூங்காபி: ஒரே ஊர், மூன்று கவுன்சில். எந்தப் பக்கம் வீடு வாங்குவது?

சிட்னியின் மேற்கில் வீடு தேடும் தமிழர்கள் வென்ட்வொர்த்வில், பெண்டில் ஹில், டூங்காபி என்று ரயில் நிலையத்தின் பெயரைச் சொல்லித்தான் தேடுகிறார்கள். வாடகைக்குப் போகிறவர்களுக்கு அது போதும். கடை, ரயில், மேஸ் ஹில் முருகன் கோயிலுக்கு எவ்வளவு தூரம், இவை தெரிந்தால் முடிவெடுத்துவிடலாம். மண்ணோடு வாங்குகிறவர்களுக்கு இன்னொரு கேள்வி இருக்கிறது: இந்தக் காணி எந்தக் கவுன்சிலுக்குள் (உள்ளூராட்சி மன்றத்துக்குள்) வருகிறது?

டூங்காபிதான் இதற்குச் சரியான உதாரணம். அஞ்சல் எண் 2146 ஒன்றுதான். ஆனால் ரயில் பாதைக்குத் தெற்கே பெரும்பாலும் கம்பர்லேண்ட், வடக்கே பரமட்டா, மேற்கே செவன் ஹில்ஸை ஒட்டி பிளாக்டவுன். விளம்பரத்தில் மூன்று பக்கமும் ‘டூங்காபி’ என்றே போடுவார்கள். கட்டட அனுமதி, ரேட்ஸ் (கவுன்சிலுக்குக் கட்டும் ஆண்டு வரி), குப்பை அள்ளும் முறை, மரம் வெட்டும் விதி எல்லாமே கவுன்சில் மாறினால் மாறும்.

முதலில் அளவு. 2021 சென்சஸ்படி பிளாக்டவுனில் 3,96,776 பேர், ஏறத்தாழ 240 சதுர கி.மீ. நியூ சவுத் வேல்ஸிலேயே மக்கள்தொகை மிகுந்த கவுன்சில் அது. பரமட்டாவில் 2,56,729 பேர், 84 சதுர கி.மீ. கம்பர்லேண்டில் 2,35,439 பேர், 72 சதுர கி.மீ. ஆக, பிளாக்டவுனில் இன்னும் விரிய இடமிருக்கிறது. மற்ற இரண்டிலும் வீடுகள் மேல்நோக்கித்தான் வளர முடியும், அல்லது பின்வளவுக்குள் நுழைய வேண்டும்.

கம்பர்லேண்ட் பழைய கவுன்சில் அல்ல. 2016 மே மாதம் ஹோல்ராய்டையும், ஆபர்னின் பெரும்பகுதியையும், பரமட்டாவின் தெற்குப் பகுதியையும் சேர்த்து மாநில அரசு உருவாக்கியது. தெற்கை இழந்த பரமட்டாவுக்கு எப்பிங், ஒலிம்பிக் பார்க் பக்கங்கள் கிடைத்தன. பிளாக்டவுன் இந்த இணைப்புகளில் சிக்கவில்லை. இணைக்கப்பட்ட கவுன்சில்களில் 2021 ஜூன் வரை பழைய கவுன்சில்களின் ரேட்ஸ் முறையே தொடர்ந்தது. அதனால் அதற்கு முந்தைய ரேட்ஸ் பில்லை வைத்து யாராவது கணக்குச் சொன்னால் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ரேட்ஸ் விஷயத்தில் பலர் தடுமாறுவது ஒரே இடத்தில்தான். இந்த மாநிலத்தில் ரேட்ஸ் வீட்டின் மதிப்புக்கு அல்ல, மண்ணின் மதிப்புக்கு. அந்த மதிப்பைப் போடுவது மாநில அரசின் நில மதிப்பீட்டு அதிகாரியான வேல்யூவர் ஜெனரல். விகிதத்தை வைப்பது கவுன்சில். மொத்த வருமானம் ஆண்டுக்கு எவ்வளவு கூடலாம் என்பதற்கு மாநிலக் கட்டண ஒழுங்குமுறை அமைப்பான ஐபார்ட் உச்சவரம்பு போடும். யூனிட் (அடுக்குமாடி வீடு) வாங்குவோர் இப்படிப் பார்க்கலாம்: கட்டடம் நிற்கும் மண் 60 லட்சம் டாலர், யூனிட் 40, எல்லாவற்றுக்கும் சம பங்கு என்றால் ஒருவர் பங்கு 1,50,000 டாலர். இவ்வளவு சிறிய மதிப்பை விகிதத்தால் பெருக்கினால் வருவது பெரும்பாலும் கவுன்சிலின் ‘மினிமம் ரேட்’டுக்குக் கீழேதான் இருக்கும், அப்போது மினிமம்தான் கட்ட வேண்டும். ஆகவே யூனிட்டுக்கு மூன்று கவுன்சில்களின் மினிமம் தொகையை ஒப்பிடுங்கள். தனி வீட்டுக்கு விகிதத்தை. இரண்டிலும் குப்பைக் கட்டணம் தனியாக வரும், அதையும் கூட்டாமல் ஒப்பிட்டால் கணக்கு தப்பும். தவணைத் தேதிகள் எங்கும் ஒன்றே: ஆகஸ்ட் 31, நவம்பர் 30, பிப்ரவரி 28, மே 31.

பின்வளவில் கிரானி பிளாட் (தனிச் சிறு வீடு) போட்டு வாடகைக்கு விடலாம் என்ற எண்ணத்தோடு வாங்குபவர்களுக்கு டூங்காபியின் தெற்குப் பக்கமும் கிராவீனும் பிடித்துப்போகும், பழைய பெரிய காணிகள் அங்கே இன்னும் இருக்கின்றன. கவுன்சிலுக்கு டி.ஏ. (கட்டட அனுமதி விண்ணப்பம்) போடாமல் தனியார் சர்ட்டிஃபையர் வழியே விரைவு அனுமதி வாங்க மாநில விதி ஒன்றே: காணி குறைந்தது 450 சதுர மீட்டர், கட்டடக் கோட்டில் அகலம் குறைந்தது 12 மீட்டர், கிரானி பிளாட் 60 சதுர மீட்டரைத் தாண்டக் கூடாது. இதுவரை மூன்று கவுன்சிலும் சமம்.

சிக்கல் வருவது இரண்டு இடத்தில். ஒன்று, சாக்கடைக் குழாய். இந்தப் பக்கத்துப் பழைய காணிகளில் சிட்னி வாட்டரின் சாக்கடைக் குழாய் பின்வளவுக்குள்ளேயே ஓடுவது சகஜம். அதன் மேலோ பக்கத்திலோ கட்ட அவர்களின் ஒப்புதல் வேண்டும். குழாயைச் சுற்றி கான்கிரீட் போடவோ, ஆழமான அஸ்திவாரத் தூண் இறக்கவோ நேர்ந்தால் செலவு எகிறும். விற்பனை ஒப்பந்தத்தோடு வரும் சாக்கடை வரைபடத்தை விரித்து, வீட்டின் பின்சுவருக்கும் வேலிக்கும் நடுவே கோடு எங்கே போகிறது என்று அளந்து பாருங்கள்.

இரண்டாவது, வெள்ளம். டூங்காபி கிரீக்கும் அதில் சேரும் சிற்றோடைகளும் பெருமழைக்குச் சில மணி நேரத்திலேயே ஏறக்கூடியவை. டூங்காபி கிரீக், டார்லிங் மில்ஸ் கிரீக்கோடு சேர்ந்துதான் பரமட்டா ஆறே பிறக்கிறது. காணிக்கு வெள்ளக் கட்டுப்பாடு உண்டா என்பது கவுன்சில் தரும் 10.7 பிளானிங் சர்ட்டிஃபிகேட்டில் (காணிக்குப் பொருந்தும் விதிகளைச் சொல்லும் சான்றிதழில்) இருக்கும். உண்டு என்றால் விரைவு அனுமதி கிடைக்காமல் போகலாம். வழக்கமாகத் தரைமட்டத்தை நூறாண்டுக்கு ஒருமுறை வரும் வெள்ளமட்டத்துக்கு மேல் 500 மி.மீ. உயர்த்தச் சொல்வார்கள். வெள்ள ஆய்வையும் வரைபடத்தையும் ஒவ்வொரு கவுன்சிலும் தனித்தனியே செய்கிறது. எதிர் வீட்டுக்காரர் கட்டிவிட்டார் என்பது உங்கள் காணிக்கு ஆதாரமாகாது, அவர் வேறு கவுன்சிலாகவும் இருக்கலாம்.

பிளாக்டவுனின் நிஜமான வித்தியாசம் டூங்காபியில் அல்ல, வடமேற்கே ஸ்கோஃபீல்ட்ஸ், மார்ஸ்டன் பார்க் பக்கம் தெரியும். புது வீடு, புதுத் தெரு. ஆனால் நூலகமும் சமூக மண்டபமும் தாமதமாகவே வரும், அதற்குக் காரணம் உண்டு. புதுக் குடியிருப்புப் பகுதியில் ஒரு வீட்டுக்கு 30,000 டாலருக்கு மேல் கட்டமைப்புக் கட்டணம் வசூலிக்க வேண்டுமானால், கவுன்சில் தன் திட்டத்தில் மாநில அரசின் ‘அத்தியாவசியப் பணிகள்’ பட்டியலுக்குள் இருப்பதை மட்டுமே சேர்க்கலாம். அந்தப் பட்டியலில் சமூக மண்டபத்துக்கான நிலம் உண்டு, கட்டடம் இல்லை. நிலத்தை வாங்கி வைத்துக்கொண்டு கட்டடத்துக்குக் கவுன்சில் வேறு பணம் தேடுகிறது. சிறு பிள்ளைகள் உள்ள குடும்பங்கள் இதைத் தெரிந்துகொண்டு போவது நல்லது. வெள்ளமும் அங்கே வேறு மாதிரி. ஹாக்ஸ்பரி-நேப்பியன் பெருவெள்ளம் மெதுவாக ஏறி நாள்கணக்கில் நிற்கும். மார்ஸ்டன் பார்க் நார்த்தைக் குடியிருப்பாக்கும் திட்டத்தை 2023 அக்டோபரில் மாநில அரசு கைவிட்டதே இந்த ஆபத்தால்தான்.

யூனிட்டில் இருந்துகொண்டு காரில்லாமல் சமாளிக்க நினைப்பவர்களுக்குப் பரமட்டாதான். நகர மையத்து ஃபைவ் (PHIVE) நூலகக் கட்டடம் 2022இல், நீச்சல் மையம் 2023இல், வெஸ்ட்மீட்–கார்லிங்ஃபோர்டு டிராம் 2024 டிசம்பரில் திறந்தன. இந்த வசதிகளின் பெரும்பகுதி பரமட்டா நகரைச் சுற்றியே இருக்கிறது. டூங்காபியின் வடபுறத்தில் வாங்கிவிட்டு அவை வாசலில் இருப்பதாக எண்ண வேண்டாம்.

பள்ளிக்கூடமும் ரயிலும் மாநில அரசின் பொறுப்பு. அரசுப் பள்ளியின் கேட்ச்மென்டைக் (சேர்க்கை எல்லையைக்) கல்வித் துறை வரைகிறது, கவுன்சில் எல்லையோடு அதற்குச் சம்பந்தமில்லை. கிராவீன் ஹைஸ்கூலுக்குத் தேர்வு எழுதித்தான் போக வேண்டும். பக்கத்தில் வீடு வாங்குவதால் இடம் கிடைக்காது.

வீட்டில் சமைத்து மதியச் சாப்பாடு, சோர்ட் ஈட்ஸ் (சிற்றுண்டி) விற்க நினைப்பவர்கள் தொடங்கும் முன்பே தங்கள் கவுன்சிலுக்கு அறிவிக்க வேண்டும். எல்லை தெரியாமல் பக்கத்துக் கவுன்சிலுக்குப் படிவம் அனுப்பினால் அறிவித்ததாகாது.

வாங்குவதென்று முடிவானால் முதலில் ஒப்பந்தத்தைக் கேட்டு வாங்குங்கள். 10.7 சர்ட்டிஃபிகேட் அதோடு இணைந்திருக்க வேண்டும் என்பது சட்டம். எந்தக் கவுன்சில் என்பது அதன் தலைப்பிலேயே இருக்கும். ஏலமில்லாத விற்பனையில் ஒப்பந்தமிட்ட பிறகும் விலக ஐந்து வேலை நாள் அவகாசம் உண்டு, விலகினால் விலையில் 0.25 சதவீதம் போகும். ஏலத்தில் அந்த அவகாசமே கிடையாது, ஆகவே வரைபடம் பார்ப்பது, சர்ட்டிஃபிகேட் படிப்பது, கவுன்சிலுக்கு போன் போடுவது எல்லாம் ஏலத்துக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.