மாடல் ஒன்றுதான், உள்ளே இருப்பது வேறு: பழைய ரௌட்டர் வாங்கி ஏமாந்த கதை

பல ரௌட்டர்களைக் கம்பியில்லாமல் கோத்து வைஃபையைப் பரப்பும் மெஷ் நெட்வொர்க் அமைக்கப் பழைய ரௌட்டர்களை மொத்தமாக வாங்க நினைப்பவர்கள் ஒரு நிமிடம் இதைப் படித்துவிடுங்கள்.

ஆறு ரௌட்டர், ஒரே மாடல், எல்லாவற்றிலும் ஓபன்டபிள்யூஆர்டி (ரௌட்டருக்கான இலவச லினக்ஸ் மென்பொருள்) ஏற்றி மெஷ் சோதித்தது என்று ஆன்லைனில் ஒருவர் விளம்பரம் போட்டிருந்தார். எத்தனை ரௌட்டர் சேர்த்தாலும் வேகம் குறையாது என்றும் எழுதியிருந்தார். அங்கேயே நான் விழித்திருக்க வேண்டும். ஒரே ரேடியோ உள்ள ரௌட்டர் தரவைப் பெறுவதும் அனுப்புவதும் அதே சேனலில்தான். ஒரு ரௌட்டரிலிருந்து அடுத்ததற்குப் போகும் ஒவ்வொரு தாவலுக்கும் வேகம் ஏறக்குறைய பாதியாகும். தெரிந்தும் ஆசை கண்ணை மறைத்தது.

பார்சல் வந்தது. மேலே இருந்த இரண்டை எடுத்து 802.11எஸ் என்ற மெஷ் வைஃபை இணைப்பு போட்டு, அதன் மேல் தரவுக்கு வழி தேடிக் கொடுக்கும் பேட்மேன் அட்வான்ஸ்டு ஓட்டினேன். ஜம்மென்று ஓடியது. அந்தச் சந்தோஷத்தில் 'பொருள் சரியாக வந்தது' பட்டனை அழுத்திவிட்டேன். நான் செய்த மடத்தனம் அது.

மீதி நான்கையும் மறுநாள் இரவுதான் எடுத்தேன். லாகின் செய்தால் ஓபன்டபிள்யூஆர்டி பெயர் அழகாக வருகிறது. மெஷ் அமைப்பைப் போட்டால் ஐந்து பத்து நிமிடத்தில் எல்லா விளக்கும் ஒரேயடியாக அணைந்து மீண்டும் எரியும். திரும்ப உள்ளே போனால் நான் போட்ட செட்டிங் ஒன்றுகூட இல்லை. புதிதாய்ப் பிறந்த குழந்தை மாதிரி நிற்கிறது. சேனலை மாற்றினேன், ஃபர்ம்வேரை மாற்றினேன், பேட்மேனைத் திட்டினேன். மூன்று இரவு போனது.

கோளாறு ஒன்றல்ல, இரண்டு. அடாப்டர்: ரௌட்டரில் அச்சிட்டிருப்பது 12 வோல்ட், 1 ஆம்பியர், அவர் வைத்து அனுப்பியது அரை ஆம்பியர். சும்மா இருக்கும்வரை தாங்கும். வைஃபை முழு வேகத்தில் அனுப்பத் தொடங்கினால் மின்னழுத்தம் சரிந்து ரீபூட் ஆகிவிடும். நல்ல இரண்டின் அடாப்டரை மாற்றிப் போட்டதும் ரீபூட் நின்றது, ஆனால் அணைத்துப் போட்டால் செட்டிங் அழிவது நிற்கவில்லை. மிச்ச இடம் காட்டும் 'டிஎஃப்' கட்டளை கொடுத்துப் பார்த்தேன். ஃபிளாஷில், அதாவது நிரந்தரச் சேமிப்பில், இடமே இல்லை. மொத்தமே 4 எம்பி ஃபிளாஷ், 32 எம்பி ராம்! எழுத இடம் இல்லாததால் செட்டிங் எல்லாம் ராமில்தான் உட்கார்ந்திருக்கிறது. மின்சாரம் போனால் அதுவும் போச்சு. நல்ல இரண்டிலும் 8 எம்பி, 64 எம்பி.

அப்புறம்தான் அடிப்பக்கத்தைத் திருப்பினேன். ஹார்டுவேர் வெர்ஷன் எண் இருக்க வேண்டிய இடத்தில் 'சோதிக்கப்பட்டது' என்று ஒரு சின்ன வெள்ளை ஸ்டிக்கர். நகத்தால் சுரண்டினேன். கீழே வேறு வெர்ஷன். நான்கிலும் அப்படியே. மேலே இருந்த இரண்டில் மட்டும் ஸ்டிக்கர் ஓரமாக, எண் தெரியும்படி ஒட்டியிருந்தது.

மாடல் பெயரை மாற்றாமல் உள்ளே இருப்பதை மாற்றுவது கம்பெனிகளுக்குப் புதிதல்ல. 2005-இல் வந்த லிங்க்சிஸ் டபிள்யூஆர்டி54ஜி ரௌட்டரின் ஐந்தாம் வெர்ஷனில் லினக்ஸையே எடுத்துவிட்டார்கள். ஃபிளாஷ் 2 எம்பி, ராம் 8 எம்பி என்று சுருங்கியது. அதைக் குறை சொல்ல மாட்டேன், வெர்ஷன் எண்ணாவது வெளியே அச்சிட்டிருந்தது. அதன் மேல் ஸ்டிக்கர் ஒட்டியவரைத்தான் சொல்கிறேன்.

விற்றவரிடம் கேட்டதற்கு வந்த பதில்: "மாடல் நம்பர் ஒண்ணுதானே சார்? நீங்க செட்டிங் தப்பா போட்டிருப்பீங்க." ஸ்டிக்கர் உரித்த படத்தை அனுப்பினேன். பிளாக் செய்துவிட்டார். தளத்தில் புகார் கொடுத்தேன். நீங்களே சரியென்று உறுதி செய்திருக்கிறீர்கள் என்று மூடிவிட்டார்கள்.

வாங்குவதாக இருந்தால் ஒவ்வொரு ரௌட்டரின் அடிப்பக்கப் படத்தையும் கேளுங்கள், ஒன்றைக் காட்டி ஆறு என்பதை ஏற்காதீர்கள். மெஷ்ஷுக்கு 8 எம்பி ஃபிளாஷ், 64 எம்பி ராமுக்குக் கீழே இறங்க வேண்டாம். 4 எம்பி ஃபிளாஷ், 32 எம்பி ராம் உள்ள ரௌட்டர்களுக்கு ஓபன்டபிள்யூஆர்டி 19.07 பதிப்புக்குப் பிறகு அதிகாரப்பூர்வ வெளியீடே கிடையாது. வைஃபையால் என்னென்ன முடியும் என்று 'ஐடபிள்யூ லிஸ்ட்' கட்டளை காட்டும் பட்டியலில் 'மெஷ் பாயின்ட்' இருக்கிறதா என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள். கடைசி ரௌட்டர் ஒரு மணி நேரம் ஓடும்வரை எந்தப் பட்டனையும் அழுத்தாதீர்கள்.

அந்த நான்கில் ஒன்று இப்போது வைஃபை அணைத்த வெறும் ஸ்விட்ச்சாக மேசைக்கடியில் கிடக்கிறது. மற்ற மூன்றும் வந்த பெட்டியிலேயே இருக்கின்றன.