பாரா3, பாரா11 ரெண்டும் ஒன்றுதான்: கருவி இணைக்கட்டுமா, கையால் மாற்றுவதா?

அத்தியாயங்களைத் தனித்தனியாக மாற்றி ஒட்டிய ஈபப்பில் (மின்னூல் கோப்பு) ஸ்டைல்ஷீட்டை, அதாவது பத்திகளின் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ் கோப்பை, திறந்து பாருங்கள். ஒரே தோற்றம் இரண்டு கிளாஸ் பெயர்களில் (பத்திக்குத் தோற்றத்தைக் கொடுக்கும் பெயர்) இருக்கும். பாரா3: முதல் வரி உள்தள்ளல் 1.5 எம் (எழுத்தளவில் ஒன்றரை மடங்கு), மார்ஜின் 0, இருபுறமும் சீர். கீழே பாரா11, அட்சரம் பிசகாமல் அதே.

மின்னூல் மென்பொருளான காலிபரின் எடிட்டரில், பயன்படாத சிஎஸ்எஸ் விதிகளை நீக்கும் கருவியிலேயே ஒரே பண்புகள் கொண்ட விதிகளை இணைக்கவும் ஒரு டிக் உண்டு. நொடியில் முடியும். ஆனால் நடப்பது என்ன? இரண்டு பெயரும் கமா போட்டு ஒரே விதிக்குள் வந்துவிடும், அவ்வளவுதான். பத்திகளில் பழைய பெயர்கள் அப்படியே இருக்கும். படிக்க மட்டும் வைத்திருக்கும் புத்தகத்துக்கு இது போதும்.

மறுபடி திருத்தப்போகிற புத்தகமென்றால் எனக்கு இது பாதி வேலை. பெயரையே ஒன்றாக்க வேண்டும்; அதற்கு ஒரு வழி, சிஜில் என்ற ஈபப் எடிட்டரில் எல்லா எச்டிஎம்எல் கோப்புகளிலும் (அத்தியாய உரை இருப்பவை) தேடி மாற்றுவது. இதில் ஒருமுறை சூடு பட்டிருக்கிறேன். பாரா1-ஐ பாரா3 ஆக்கச் சொன்னேன். பாரா11 எல்லாம் பாரா31 ஆகிவிட்டது. அப்படி ஒரு கிளாஸே கிடையாது. ஈபப்பைச் சோதிக்கும் கருவியான ஈபப்செக் பிழை எதுவும் சொல்லவில்லை, பத்திகள் மட்டும் உள்தள்ளல் இழந்து நின்றன. ரெஜெக்ஸில் (எழுத்து வடிவத்தைச் சொல்லித் தேடும் முறை) சொல் எல்லைக் குறி போட மறந்ததன் பலன்.

இரண்டு வழிக்கும் பொதுவான ஆபத்து ஒன்று: வரிசை. ஸ்டைல்ஷீட்டில் பாரா3, அடுத்து வரியை நடுவில் நிறுத்தும் 'நடு', கடைசியில் பாரா11 இருக்கிறது என்று வையுங்கள். ஒரு பத்திக்கு பாரா11, நடு இரண்டுமே கொடுத்திருந்தால், பின்னால் வரும் பாரா11 ஜெயித்து வரி இருபுறமும் சீராக நிற்கும். பாரா11 மேலே போய் பாரா3-உடன் சேர்ந்ததும் 'நடு' ஜெயிக்கும். பத்தி நடுவே போய்விடும். எச்டிஎம்எல்லில் கிளாஸ் பெயரை எந்த வரிசையில் எழுதினாலும் இது மாறாது.

வலைத்தளத்துக்கான சிஎஸ்எஸ் சுருக்கிகளையும் (கோப்பைச் சிறிதாக்கும் கருவிகள்) சிலர் ஓட்டுவார்கள். ஈபப்பே ஏற்கெனவே சுருக்கிய ஒரு ஜிப் கோப்பு; மிச்சமாவது சொற்பம், ஸ்டைல்ஷீட்டோ படிக்க முடியாமல் போகும். வேண்டாம்.

நான் செய்வது: முதலில் நகல் ஒன்றில் காலிபரை இணைக்கவிட்டு, கமா போட்ட வரிகளைப் பட்டியலாக எடுத்துக்கொள்வேன். அப்புறம் மூலக்கோப்பில் ஒவ்வொரு பெயராகக் கையால் மாற்றம், பெரிய எண்ணிலிருந்து கீழே.