1971-இன் பென்ட்லி, இன்றும் கட்டத் தகுந்தது

பிரிட்டிஷ் மாதிரித் தயாரிப்பு நிறுவனமான ஏர்ஃபிக்ஸ் 1971-இல் வெளியிட்ட, பாகங்களை ஒட்டிக் கட்டும் 1/12 அளவு 4½ லிட்டர் பென்ட்லி பந்தயக் கார் மாதிரியைப் பழைய பொருள் வியாபாரி ஒருவரிடம் வாங்கினேன். பெட்டியின் மூலைகள் நைந்திருந்தன, உள்ளே எதுவும் குறையவில்லை.

இதன் உயிர் முன்புறத்தில்தான் இருக்கிறது. பொறியாளர் ஆம்ஹெர்ஸ்ட் வில்லியர்ஸ் வடிவமைத்த சூப்பர்சார்ஜர் (எஞ்சினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தி அனுப்பும் கருவி), ரேடியேட்டருக்கு முன்னால் சட்டத்தின் இரு கைகளுக்கிடையே துருத்தி நிற்கும். பிரிட்டிஷ் பந்தய வீரர் டிம் பர்கின் 1930-இல் பிரான்சின் போ நகரில் நடந்த பிரெஞ்சு கிராண்ட் பிரியில் இரண்டாம் இடம் பிடித்தது இவ்வகைக் காரில்தான். அந்தப் பகுதிக்கு அவசரப்படாமல் வண்ணம் பூசுங்கள். வெறும் வெள்ளி நிறம் போதாது; மெல்லிய கறுப்பு மை போன்ற கலவையை இடுக்குகளில் ஓடவிட்டால்தான் உலோகம் உலோகமாகத் தெரியும்.

காருக்குப் பூசும் பசுமை நிறத்தில் பலரும் ஒன்றைக் கவனிப்பதில்லை. உண்மையான பந்தயக் காரின் எஞ்சின் மூடி உலோகம், பின்னுடலோ துணி போர்த்தியது. எனவே மூடிக்கு மட்டும் பளபளப்பு, உடலுக்கு அரைமங்கல். இந்த வேறுபாடு ஒன்றே மாதிரியைப் பொம்மை நிலையிலிருந்து உயர்த்திவிடுகிறது.

வயதான பிளாஸ்டிக் சற்றே வளைந்திருக்கலாம். வெந்நீரில் நனைத்து மெல்ல நிமிர்த்தலாம். மஞ்சளித்த எண் ஒட்டிகளைச் சன்னலில் வெயில்பட வைத்தால் பெரும்பாலும் வெளுக்கும். பூசும் முன் பாகங்களைச் சோப்பு நீரில் கழுவுவது கட்டாயம்.

முதல்முறை கட்டுபவர்களுக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன். பொறுமையுள்ளவர்கள் தயங்காமல் வாங்கலாம்.